வளர்ப்பு நாய்க்கு மலடாக்கல் தகுமா?

மனிதனோடு முதன்முதல் உறவு பூண்ட விலங்கு நாயே என்பது விலங்கியல் அறிஞர் துணிபு. ஆவும் ஆடும் தொழுவத்தை அடைதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளின் முன்னரே நாய் அவனது வாயிலை அடைந்துவிட்டது. தொல்காப்பிய மரபியல் அதன் இளமைக்குக் குருளை எனவும், பெண்மைக்குப் பிணவு எனவும் பெயர் வகுத்து உரைக்கின்றது. நம் ஊர்கள்தோறும் உள்ள வைரவர் கோயில்களிலே அப்பெருமானின் வாகனமாக நிற்பதும் நாயே. இத்துணை நெருங்கிய விலங்கினைப்பற்றி, அதனை வளர்ப்போர் பலர்க்கு இன்று ஒரு வினா எழுகின்றது. இனி ஈனாதவாறு அதனைச் சத்திர சிகிச்சையால் மலடாக்கிவிடுதல் தகுமா, அன்றி இயற்கை வழியே விட்டுவிடுதல் தகுமா என்பதே அவ்வினா. ஒருசாரார் இதனைப் பெரும்பாவம் என்பர். மற்றொருசாரார் ஆராயாமலே எல்லா நாய்க்கும் செய்தல் வேண்டும் என்பர். இவ்விரு கூற்றிலும் உண்மையும் உண்டு, குறைபாடும் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், மலடாக்கல் என்பது யாது என அறிதல் வேண்டும். ஆண் நாயின் விதைகள் இரண்டையும் நீக்குதல் ஒன்று. இதனையே மாடு, கிடாய் முதலியவற்றின் திறத்தில் நம்மவர் நலமடித்தல் என்று வழங்குவர். பெட்டை நாயின் சூலகங்களையும், பெரும்பாலும் அவற்றோடு கருப்பையையும் நீக்குதல் மற்றொன்று. ஆணுக்குச் செய்யும் சிகிச்சை உடலின் புறத்தே முடிவது. பெட்டைக்கு வயிற்றைத் திறந்து செய்யவேண்டுதலின் அது சற்றுப் பெரியது. இரண்டும் மயக்க மருந்து கொடுத்து மிருக வைத்தியராற் செய்யப்படுவன. இவற்றாற் குட்டி ஈனுந்திறன் நீங்குவதோடு, அவ்வுறுப்புக்கள் சுரக்கும் இலிங்க ஓமோன்களும் நின்றுவிடுகின்றன. பின்னர்க் கூறப்படும் நன்மை தீமை யாவும் பெரும்பாலும் இவ்வோமோன்கள் நின்றுபோதலின் விளைவுகளே. ஆதலின் இதனை மனத்திற் கொள்க.

இனி, இயற்கைக்கு மாறானது என்னும் தடையை ஆராய்வோம். நாய் காட்டில் வாழும் விலங்கன்று. அதன் உணவும் உறையுளும் துணையும் மனிதனால் வரையறுக்கப்பட்டு நெடுங்காலமாயிற்று. ஓநாய் ஆண்டுக்கு ஒருமுறையே ஈனும். நாயோ பெரும்பாலும் ஆறு ஏழு மாதத்துக்கு ஒருமுறை பருவம் எய்தும். மனிதனோடு வாழ்ந்தமையால் நேர்ந்த மாற்றங்களுள் இதுவும் ஒன்று. மேலும், ஏரிலும் வண்டியிலும் பூட்டும் எருதுகளை நலமடித்தல் நம் உழவர் வழிவழியாகச் செய்துவந்த செயல். அதுவும் மயக்க மருந்தின்றிச் செய்யப்பட்டது. அதனைப் பாவமெனக் கொள்ளாத சமுதாயம், நோவறியாது செய்யப்படும் சிகிச்சையை மட்டும் பாவமெனல் பொருந்துமாறில்லை.

அற்றாயினும், உயிரின் உறுப்பொன்றை அறுத்து நீக்குதற்குத் தக்க காரணம் வேண்டும் என்னும் கருத்து இகழத்தக்கதன்று. நோர்வே நாட்டின் 2009ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், தக்க காரணமின்றி விலங்கின் உறுப்பை நீக்குதலைத் தடுக்கின்றது. அந்நாட்டில் வளர்ப்பு நாய்கள் பெரும்பாலும் மலடாக்கப்படுவதில்லை. அங்ஙனமிருந்தும் ஆங்குத் தெருநாய்களைக் காண்டல் அரிது. காரணம் வெளிப்படை. அந்நாட்டார் தம் நாயைத் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கின்றனர். பருவ காலத்திற் பெட்டையைத் தனித்துக் காக்கின்றனர். ஆகவே, நோர்வேயாரின் கொள்கையை எடுத்துக்காட்டி மலடாக்கலை மறுக்க விரும்புவோர், அவர்தம் ஒழுக்கத்தையும் உடன் மேற்கொள்ளல் வேண்டும். அஃதொழிந்து கொள்கையை மட்டும் மேற்கொள்வாராயின், அதன் பயனை அவர் அனுபவியார், நாய்க்குட்டிகளே அனுபவிக்கும்.

நம் நாட்டு நிலைமை யாது? தெருவிலே திரியும் நாய்களுட் பல உண்மையில் உடையவர் உள்ளனவே. உண்பதற்கு ஒரு வீடும், திரிவதற்கு ஊர் முழுவதும் அவற்றுக்குண்டு. கிடுகு வேலி இருந்த காலத்திற் பொட்டு வழியே போயின. மதில் எழுந்த இக்காலத்திற் படலை வழியே போகின்றன. பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துள் முதற்பருவம் எய்தும். கருப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். ஓர் ஈற்றுக்கு ஐந்து குட்டி எனக் கொண்டு, ஆண்டுக்கு ஓர் ஈற்றே எனக் குறைத்துக் கணக்கிட்டாலும், ஐந்தாண்டில் ஒரு நாய் 25 குட்டிகளை ஈனும். அவற்றுட் பாதி பெட்டையாதல் இயல்பு. கடுவன் குட்டியைக் கேட்டு வாங்குவார் உளர். பெட்டைக் குட்டியைக் கேட்பார் அரியர். எஞ்சிய பெட்டைக் குட்டிகள் என்னாகின்றன என்பதை நாம் யாவரும் அறிவோம். கண் திறந்தும் திறவாத நிலையில், உரப்பையிலோ காகிதப் பெட்டியிலோ இட்டுச் சந்தை மருங்கிலும், பாடசாலை வாயிலிலும், கோயில் வீதியிலும் விடப்படுகின்றன. வைரவரை வணங்கும் ஊரிலே, அவர் வாகனத்தின் குருளைகள் அவர் வாயிலிலேயே பசியால் மடிகின்றன. சிகிச்சையைப் பாவமென அஞ்சும் இல்லங்களிலும் இச்செயல் நிகழ்தலே பெரிதும் இரங்கத்தக்கது. கத்தி கொண்டு செய்யாமையால் அது கொலையன்று என அமைதல் கூடுமோ?

இஃது இரக்கம் ஒன்றையே பற்றிய செய்தியன்று. ஊரின் உயிர்ப்பாதுகாப்பையும் பற்றியது. விசர்நாய் நோயைத் தடுக்க இந்நாட்டில் 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. நாய்களைப் பதிவுசெய்தற்கான கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. பிடித்துக் கொல்லுதலே நெடுங்காலம் முறையாகக் கொள்ளப்பட்டது. 1973இல் இந்நோயால் இறந்தோர் தொகை 377. நாய்களுக்குத் தடுப்பூசி இடுதலும், கடியுண்டோர்க்கு உரிய மருந்து அளித்தலும் பெருகியபின் அத்தொகை பெரிதுங் குறைந்து, பிற்காலத்தில் ஆண்டொன்றுக்குச் சில பத்துக்களாயிற்று. 2006இல் தெருநாய்களைக் கொல்லுதல் கைவிடப்பட்டது. அதன்பின் தடுப்பூசியும் மலடாக்கலுமே வழியாகக் கொள்ளப்பட்டன. ஒரு பிரதேசத்து நாய்களில் 100க்கு 70 ஆயினும் தடுப்பூசி பெற்றிருந்தால் நோய் பரவாது தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால், ஆண்டுதோறும் புதியனவாகப் பிறக்கும் குட்டிகள் ஊசி பெறாதனவாகவே அத்தொகையிற் சேர்கின்றன. இவ்வாண்டு எட்டிய எழுபது வருமாண்டில் ஐம்பதாகக் குறைதல் எளிது. ஆகவே, ஒரு வீட்டாரின் பெட்டை நாய் எத்தனை முறை ஈனுகின்றது என்பது அவ்வீட்டாரின் சொந்தச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

இனி நாயின் உடல்நலத்தை நோக்குவோம். பெட்டையைப் பொறுத்தவரை நன்மை பெரிது. மலடாக்கப்படாத பெட்டைக்கு ஒவ்வொரு பருவத்தின் பின்னும் கருப்பையிற் சீழ்கட்டும் நோய் வரக்கூடும். சுவீடன் நாட்டில் மலடாக்கல் நெடுங்காலம் வழக்கில் இல்லாமையால், ஆங்குள்ள நாய்க் காப்புறுதிப் பதிவேடுகள் இதனை ஆராய்தற்கு ஏற்ற சான்றாயின. பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டைக்கு இந்நோய் வந்தமையை அவை காட்டின. காலந் தாழ்த்தின் உயிர்க்கிறுதி செய்யும் நோய் இது. கருப்பையும் சூலகமும் முற்றாக நீக்கப்பட்ட நாய்க்கு இது வருதற்கு இடமில்லை என்றே கூறலாம்.

முலைக்கட்டி மற்றொன்று. 1969இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று பல்லாண்டு மேற்கோளாக வழங்கியது. மலடாக்கப்படாத நாய்க்குள்ள இடரை 100 எனக் கொண்டால், முதற்பருவத்தின் முன் சிகிச்சை பெற்ற நாய்க்கு 0.5, ஒரு பருவத்தின் பின் பெற்ற நாய்க்கு 8, இரண்டு பருவத்தின் பின் பெற்ற நாய்க்கு 26 என அது கணித்தது. ஆயினும் 2012இல் இத்துறை ஆய்வுகளையெல்லாம் ஒருங்கு வைத்து மதிப்பிட்ட ஆங்கில நாட்டு ஆய்வாளர், இவ்வெண்களுக்குச் சான்று வலிதன்று என முடிவு கூறினர். எனவே, நன்மை உண்டு என்று கொள்ளலாமேயன்றி, இவ்வெண்களை வேதவாக்காகக் கொள்ளற்க. பழைய புள்ளிவிவரம் பலராற் கூறப்படுவதாலேயே உறுதி பெற்றுவிடுவதில்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாம்.

ஆண் நாய்க்குரிய நன்மை இவ்வளவு பெரிதன்று. விதையிலே தோன்றும் கட்டிகளுக்கு இடமிராது. முதுமையிற் சிறுநீர்ப்பையின் கழுத்தருகே உள்ள சுரப்பி பெருத்தலாகிய துன்பம் நீங்கும். ஆயினும் அச்சுரப்பியிலே தோன்றும் புற்றுநோயை மலடாக்கல் தடுப்பதில்லை. ஆண் நாயின் திறத்தில் முதன்மையானது அதன் அலைச்சலே. பருவமெய்திய பெட்டையின் மணத்தை நெடுந்தூரத்திலிருந்தே அறிந்து வீட்டைவிட்டு ஓடுதலும், பிற நாய்களோடு பொருது புண்படுதலும், தெருவில் வாகனத்தின் அடிப்படுதலும் அதனால் விளைவன. மலடாக்கிய ஆண் நாய்கள் பலவற்றில் இவ்வலைச்சல் குறைகின்றது.

தெருவில் திரியும் ஆண், பெண் இரண்டிற்கும் பொதுவான நோயொன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். கலவியாற் பரவும் கட்டி என அதனைக் கூறுவர். பிற தொற்றுநோய்கள் கிருமியால் வருவன; இதிலோ புற்றுநோய்க் கலமே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குச் சென்று ஒட்டி வளர்கின்றது. பல்லாயிரம் ஆண்டுகளின் முன் வாழ்ந்த ஒரே நாயின் உடலிலே தோன்றிய கலங்களின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் இந்நோயாய் உள்ளன என்பது மரபணு ஆய்வாற் புலனாயிற்று. வெப்ப நாடுகளிற் கட்டின்றித் திரியும் நாய்களிடையே இது மிகுதி. மருந்தாற் குணப்படுத்தலாமெனினும், கலவியைத் தவிர்த்தலே சிறந்த காப்பாகும்.

நன்மை கூறி, தீமையை மறைத்தல் அறிவுடைமையன்று. இலிங்க ஓமோன்கள் எலும்பின் வளர்ச்சியை உரிய காலத்தில் நிறுத்தும் தொழிலையும் செய்கின்றன. வளர்ச்சி முற்றுமுன் அவை நீங்கின் எலும்புகள் மிகையாய் நீண்டு, மூட்டுக்கள் தம் அமைப்பிற் பிறழ இடமுண்டு. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அல்சேசன் என நம்மவர் வழங்கும் நாயினத்தைப் பற்றியது. மலடாக்கப்படாத ஆண்களில் 100க்கு ஏறக்குறைய 7இலும், பெட்டைகளில் 5இலும் மூட்டுநோய் காணப்பட்டது. ஒரு வயதுக்கு முன் மலடாக்கப்பட்டவற்றில் அது முறையே 21, 16 ஆக உயர்ந்தது. 2020இல் அவர்கள் 35 இனங்களை ஆராய்ந்தபோது, சிற்றின நாய்கள் பெரும்பாலானவற்றில் இத்தீங்கு காணப்படவில்லை. எனவே, ஓர் இனத்துக்கு உரிய விதியை எல்லா இனத்துக்கும் உரியதாகக் கொள்ளல் பிழையாம்.

வேறு குறைகளும் உள. மலடாக்கிய பெட்டைகளுட் சில, சிறப்பாகப் பருமை மிக்கவை, பின்னாளிற் சிறுநீரை அடக்கும் ஆற்றல் குன்றும், இதற்கு மருந்துண்டு. மலடாக்கிய நாய்க்குப் பசி மிகும். உடலுக்கு வேண்டும் உணவோ குறையும். முன்போல உணவிட்டால் அது கொழுத்து நோயுறும். சினத்தால் கடிக்கும் இயல்பு சிகிச்சையால் ஒருதலையாக நீங்கும் என எண்ணுதலும் கூடாது. அச்சத்தாற் கடிக்கும் நாய்க்கு அதனால் மாற்றம் உண்டாதல் உறுதியன்று. மயக்க மருந்தின் இடர் சிறிதெனினும் அறவே இல்லை எனல் இயலாது.

சத்திர சிகிச்சைக்கு மாற்று வழி இல்லையோ என வினவலாம். பெட்டை நாய்களுக்குக் கருத்தடை ஊசி இடுதல் நம் நாட்டிலும் வழங்கியதுண்டு. பருவத்தை அது தடுக்குமெனினும், கருப்பைச் சீழ்நோய்க்கும் முலைக்கட்டிக்கும் ஏதுவாகக் கூடியது, ஆண்டாண்டாய் இடத்தக்கதன்று. ஆண் நாய்களுக்குத் தோலின்கீழ் வைக்கும் மருந்தொன்று உளது. அதன் பயன் ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் நின்று, பின் நீங்கும். பிற நாடுகளில் வழங்கும் அது யாவர்க்கும் எளிதிற் கிடைப்பதன்று. எஞ்சியது கட்டிவைத்தல். பருவ காலமாகிய மூன்று கிழமைகளும் பெட்டையை அடைத்து வைத்தல் இயலும்; ஆனால் ஆண்டு முழுவதும் சங்கிலியிற் பிணித்தல் சிகிச்சையினும் கொடிது. இயற்கையைக் காக்கின்றோம் எனச் சொல்லி ஓர் உயிரை வாழ்நாள் முழுதும் மூன்று முழச் சங்கிலியில் நிறுத்துதல் எவ்வாற்றானும் இயற்கையாகாது.

மக்களிடை வழங்கும் இரு நம்பிக்கைகளைப் பற்றியும் கூறுதல் வேண்டும். ஒருமுறையேனும் ஈன்ற பின்னரே பெட்டையை மலடாக்கல் நன்று என்பர். இதற்கு மருத்துவ நூலில் ஆதாரமில்லை. தாய்மை எய்தாமையால் நாய் ஏங்கும் என்பது மனிதர் தம் உள்ளத்தை நாயின்மேல் ஏற்றிக் கூறுவதேயாம். மலடாக்கிய நாய் காவல் காவாது என்பது மற்றொன்று. தன் வளவையும் வீட்டாரையும் காக்கும் இயல்பு நாயின் பிறவிக் குணத்தாலும் பழக்கத்தாலும் வருவது. விதையினால் மட்டும் வருவதன்று. உண்மையில், ஊர் சுற்றாது வீட்டில் நிற்கும் நாயே காவலுக்கு உதவும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், முடிவு செய்வார் தம்மைத் தாமே வினவவேண்டியவை நான்காம். நாய் ஆணோ பெட்டையோ என்பது ஒன்று. அது கட்டின்றி வெளியே செல்லுமோ, அன்றி அடைப்புள்ள வளவுள் நிற்குமோ என்பது இரண்டு. அதன் இனமும் பருமையும் வயதும் யாவை என்பது மூன்று. குட்டிகள் பிறந்தால் ஒவ்வொன்றுக்கும் உரிய வீட்டை முன்னரே காட்ட வல்லேமா என்பது நான்கு.

நம் ஊர்களிற் பொதுவாகக் காணப்படும் நடுத்தரப் பருமையுள்ள நாட்டுப் பெட்டை, வெளியே சென்றுவருவதாயின் விடை தெளிவு. முதற்பருவத்தின் முன், ஏறக்குறைய ஆறு மாதத்தில் மலடாக்கல் தகும். பருவம் வந்துவிட்டதாயின், அது நீங்கி இரண்டு மூன்று மாதம் கழிந்தபின் செய்தல் நன்று. வெளியே திரியும் நாட்டு ஆண் நாய்க்கும் செய்தலே சிறந்தது. அடைப்புள்ள வளவில், கவனிப்பார் கையில் வளரும் அல்சேசன் போன்ற பேரின நாயாயின், ஓர் ஆண்டேனும் அதற்கு மேலுமேனும் பொறுத்து, மிருக வைத்தியரோடு கலந்து முடிவு செய்க. நோயின்றி, வெளியே போகாது வாழும் ஆண் நாயை மலடாக்காது விடுதலும் குற்றமன்று. முதிர்ந்த நாயாயின் அதன் இதயம், சிறுநீரகம் முதலியவற்றைச் சோதித்தறிந்த பின்னரே துணிதல் வேண்டும்.

சிகிச்சை செய்யத் துணிந்தோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வைத்தியர் குறித்த நேரந் தொட்டு உணவு கொடாது வைத்தல் வேண்டும். பின்னர், தையல் ஆறும் பத்து முதல் பதினான்கு நாள் வரை ஓடவும் பாயவும் விடலாகாது, நீராட்டலும் கூடாது. புண்ணை நக்காதபடி கழுத்திற் கூம்பு வடிவான கவசம் பூட்டுதல் நலம். மனிதர்க்குரிய நோமருந்துகள் நாய்க்கு நஞ்சாகக் கூடியவை. வைத்தியர் தந்ததன்றி வேறெதையும் கொடுத்தலாகாது. நலமடித்த ஆண் நாய் அன்றே மலடாகிவிடுவதில்லை. உடலில் எஞ்சிய விந்தினால் மேலும் சில கிழமைக்குக் கருத்தரிப்பிக்க வல்லதாதலின், அக்காலத்துப் பெட்டைகளினின்றும் விலக்கி வைத்தல் வேண்டும். மலடாக்கியமையால் விசர்நாய்த் தடுப்பூசி தேவையற்றதாகி விடுவதுமில்லை. அதனை உரிய காலத்தில் தவறாது இடுவித்தல் உடையவரின் கடன்.

மலடாக்காது விடுதல் ஒன்றும் செய்யாமை எனப் பலரும் கருதுகின்றனர். அதுவும் ஒரு முடிபே, அதற்கும் விளைவுண்டு, அவ்விளைவையும் நாமே பொறுத்தல் வேண்டும். நாயின் உணவையும் உறைவிடத்தையும் நாமே வகுத்துக்கொண்டபின், அதன் சந்ததியைப் பற்றிய பொறுப்பை மட்டும் இயற்கையின்மேற் சுமத்திவிட்டு ஒதுங்குதல் அறமாகாது. ஒவ்வொரு குட்டிக்கும் வீடு காட்ட வல்லார் அதனை ஈனவிடுக. வல்லாதார், பிறக்கவிட்டுப் பின் வீதியில் விடுதலினும், பிறவாது தடுத்தலே சீவகாருணியத்துக்கு இயைந்தது என்பது எமது துணிபாகும்.